மழைக்கு நாள் பிறக்கும் நேரம்

கண்டியின் மழைக் கணக்கைக் கணினியில் ஏற்றிப் பைத்தான் மொழியில் வரைபாக்குவது இன்று ஒரு பல்கலைக்கழக மாணவருக்குச் சில மணி நேர வேலை. பாண்டாஸ் என்ற பைத்தான் நூலகம் அட்டவணையை வாசிக்கிறது, மாட்பிளாட்லிப் என்ற நூலகம் வரைகிறது. அட்டவணையின் முதல் நிரலில் திகதி இருக்கும். அதை நாட்காட்டித் திகதியாகவே எடுத்துக்கொள்வதில்தான் பிழை தொடங்குகிறது. இலங்கையில் மழைக்கான நாள் நள்ளிரவில் பிறப்பதில்லை, காலை 8.30க்குப் பிறக்கிறது. இந்த வழக்கம் எப்படி வந்தது என்று தெரியாமல் மலைநாட்டு மழையை வரைந்தால், மண்சரிவை உண்டாக்கிய மழையே படத்தில் சிறுத்துப் போய்விடலாம்.

மழையை அன்றாடம் அளக்கும் பழக்கம் மலைநாட்டில் வேரூன்றியதற்குத் தோட்டங்கள் பெரிய காரணம். 1867இல் லூல்கந்துராத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது. கோப்பி வீழ்ந்து தேயிலை பரவிய அந்தக் காலத்தில், கொழுந்தின் வளர்ச்சியைக் கணிக்க மழைக் கணக்கு வேண்டியிருந்தது. 1907இல் கொழும்பில் வானிலை அவதான நிலையம் அமைந்தது. கருவியோ மிக எளியது: ஒரு புனல், அடியில் ஒரு கொள்கலம், ஓர் அளவுக்குவளை. ஒருவர் நாளுக்கு ஒரு தடவை, விடிந்த பிறகு, தேங்கிய நீரை ஊற்றி அளந்து அங்குலத்தில் எழுதுவார். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகலில் இடித்துப் பெய்து இரவில் ஓயும் மழைக்கு இந்த முறை நன்றாகவே பொருந்தியது. எழுதியவர்களைக் குறைசொல்ல எதுவும் இல்லை. ஆனால் அளந்த நீரை அன்றைய திகதியில் எழுதுவதா, முந்தைய திகதியில் எழுதுவதா? பிரித்தானிய வழக்கம் முந்தைய நாளுக்குத் தள்ளி எழுதுவது. இரண்டு ஏடுகள் இதில் வேறுபட்டால், ஒரே மழை இரண்டு நாட்களில் பெய்ததாகத் தோன்றும். அங்குலத்தை 25.4ஆல் பெருக்கி மில்லிமீற்றராக்குவது சுலபம். இந்த ஒரு நாள் நகர்வைக் கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை. பைத்தான் இங்கே மெய்யாகவே கைகொடுக்கிறது: ஓர் ஏட்டை ஒரு நாள் முன்பின்னாக நகர்த்தி, பக்கத்து ஏட்டோடு எப்போது நன்றாக ஒத்துப்போகிறது என்று பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மாத மொத்தத்தில் இவையெல்லாம் கரைந்துவிடுமே என்று ஒருவர் கேட்கலாம். பயிருக்கு அது சரி. மலைச்சரிவு மாதக் கணக்குப் பார்ப்பதில்லை. 24 மணி நேரத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் என்ற படிகளை வைத்தே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை உயர்த்துகிறது. அதிகாலை 4 மணிக்குத் தொடங்கிய மழை நண்பகல் வரை 160 மில்லிமீற்றர் கொட்டியதென்று கொள்வோம். 8.30 கோடு அதை நடுவே வெட்டினால் ஏட்டில் 80, 80 என்று முதற் படியை மட்டும் தாண்டிய இரு நாட்கள் நிற்கும். பழைய ஏட்டிலிருந்து எச்சரிக்கை எல்லையை வகுப்பவருக்கு அந்த மழையின் முழு அளவு கண்ணில் படாது. செய்மதி இருக்கிறதே என்பது அடுத்த கேள்வி. 2014இல் ஏவப்பட்ட ஜி.பி.எம். செய்மதியின் மழைத் தரவில் ஒரு கட்டம் ஏறத்தாழ 10 கிலோமீற்றர். கண்டி நகரின் மஹய்யாவவும் கண்டி வாவியும் ஹந்தானைச் சரிவும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடக்கூடும். தானியங்கி மழைமானிகள் மணிக்கணக்கைத் தருகின்றன, ஆனால் நூறாண்டுப் பின்னணி அவற்றுக்கு இல்லை.

மாத்தளை ரயில் பாதையின் சுரங்கத்துக்கு மேலே, மாநகர சபைத் தொழிலாளரின் வீடுகள் நெருங்கி நிற்கும் மஹய்யாவவில் கேட்க வேண்டியது, நேற்று எவ்வளவு பெய்தது என்பதல்ல, எந்த மணியிலிருந்து எந்த மணிவரை பெய்தது என்பது. அதனால் பழைய ஏட்டை வரைபவர் வரைபின் ஒவ்வொரு கம்பத்தையும் 8.30இலிருந்து 8.30வரை வரையட்டும், அளக்காத நாளைச் சுழியமாக்காமல் வெறுமையாகவே விடட்டும்.