தேய்வதற்கென்றே ஒரு பொருள்

வேலூரிலிருந்து அமிர்திக்குப் போயிருக்கிறீர்களா? ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் காட்டை ஒட்டிய சிற்றூர் அது. விலங்குப் பூங்காவையும் அருவியையும் பார்க்க விடுமுறை நாள்களில் கூட்டம் வரும். சென்ற ஆண்டு மலைக்கிராமம் ஒன்றிலுள்ள நண்பரைப் பார்த்துவிட்டு, என் பழைய காரில் அமிர்தி நோக்கி இறங்கிக்கொண்டிருந்தேன். பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் முன் சக்கரத்திலிருந்து 'கீச்' என்றொரு ஓசை. அருகிலிருந்த என் மனைவி, "ஏதோ உராய்கிறது" என்றாள். உராய்வதுதானே பிரேக்கின் வேலை என்று விளையாட்டாகச் சொன்னேன். ஆனால் அவள் சொன்னதே சரி. பிரேக் பேடு தேய்ந்து குறைந்ததும் தட்டின்மேல் பட்டுக் கத்தும்படி ஒரு சிறு எஃகு நாக்கை அதில் பொருத்தியிருப்பார்கள். அந்த நாக்குதான் பேசியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே பேடுகளை மாற்றுவதென்று முடிவு செய்தேன். அதற்குமுன் அந்தச் சிறிய கட்டை என்ன வேலை செய்கிறது என்று கணக்கிட்டுப் பார்த்தேன். நீங்களும் பாருங்கள். 1000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 1,39,000 ஜூல். காரை நிறுத்தினால் இந்த ஆற்றல் அழிந்துபோவதில்லை, வெப்பமாக மாறுகிறது. அரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்கு அருகில் கொண்டுபோக அந்த வெப்பம் போதும். சமவெளியில் இவ்வளவுதான். அதே கார் 300 மீட்டர் உயரமுள்ள மலையிலிருந்து இறங்கினால் 29,40,000 ஜூல் வெளிப்படும். பத்து லிட்டர் தண்ணீர் கொதிக்கும் வெப்பம்! எஞ்சினும் காற்றும் இதில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்குபவருக்கோ, பெரும்பங்கும் நான்கு சக்கரங்களுக்குள் போய்ச் சேரும். இந்தச் சூட்டைத் தாங்க எந்தப் பொருள்? பிரேக்கின் வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்விக்கு விடை தேடிய வரலாறுதான்.

முதல் விடை, நம் வேலூர், ஆம்பூர் மக்கள் நன்கறிந்த பொருள்: தோல்.

1888 ஆகஸ்ட் மாதம். கார்ல் பென்ஸ் உருவாக்கிய மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் தம் இரு மகன்களுடன் ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் நகருக்குப் புறப்பட்டார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரம். அதற்குமுன் மோட்டார் வண்டியில் யாரும் அவ்வளவு தொலைவு போனதில்லை. எரிபொருளை வழியில் ஒரு மருந்துக் கடையில் வாங்கினார். அடைத்துக்கொண்ட குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். வண்டியின் பிரேக் என்பது சக்கரத்தை அழுத்தும் மரக்கட்டை. மேடு பள்ளமான சாலையில் இறங்கி இறங்கி அந்தக் கட்டை தேய்ந்துவிட்டது. பெர்த்தா ஒரு செருப்புத் தைப்பவரிடம் போய்க் கட்டையின்மேல் தோலைப் பொருத்தச் சொன்னார் என்று அந்தப் பயணத்தின் வரலாறு கூறுகிறது. மோட்டார் வண்டிக்கு முதன்முதலில் பிரேக் லைனிங் போட்டவர் பொறியாளர் அல்லர், ஒரு செருப்புத் தொழிலாளி! பிரேக் பழுதை வழியிலேயே சரிசெய்துகொண்ட முதல் ஓட்டுநர் ஒரு பெண்மணி என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சில ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தின் டர்பிஷயர் மலைப்பகுதியில் ஹெர்பர்ட் ஃபுரூட் என்பவர் குதிரை வண்டிகளைக் கவனித்தார். இறக்கத்தில் போகும் வண்டிக்காரர்கள் பிரேக் கட்டையில் பழைய பூட்சுத் தோலை அடித்து வைத்திருந்தார்கள். தோல் மரத்தைவிட நன்றாகப் பற்றியது. ஆனால் விரைவில் கருகியது. இதைவிட நல்ல பொருள் வேண்டுமென்று ஃபுரூட் பருத்தி இழையைத் துணியாக நெய்து, பசைப்பொருள்களில் ஊறவைத்து லைனிங் செய்தார். 1897இல் தொடங்கிய அந்த முயற்சி பின்னர் 'ஃபெரோடோ' என்ற பெயரில் உலகெங்கும் பரவியது.

தோல் ஏன் தோற்றது? இதை எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஆம்பூர் மாணவர் ஒருவர் கொண்டுவந்த கழிவுத் துண்டுகளை வைத்துச் செய்து பார்த்தோம். ஒன்று ஆவாரம்பட்டை போன்ற பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல். மற்றது குரோம் உப்பில் பதனிட்டது. இரண்டையும் கொதிநீரில் போட்டோம். பட்டைத்தோல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருண்டு சிறுத்தது. குரோம் தோல் ஏறக்குறைய அப்படியே கிடந்தது. தோல் என்பது கொல்லாஜன் என்னும் புரத இழைகளின் பின்னல். பட்டைச்சாறு அந்த இழைகளைக் கட்டும் கட்டு 80 டிகிரி சுற்றிலேயே அவிழத் தொடங்கும். குரோமியம் போடும் முடிச்சு அதைவிட உறுதியானது. குரோம் பதனிடுதலைச் சென்னையில் 1903 வாக்கில் தொடங்கிவைத்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். அப்போது அவர் மனத்திலிருந்தது பிரேக் அல்ல. கிணற்றில் கவலை இறைக்கும் தோற்பைகள் தண்ணீரில் அழுகாதிருக்க வேண்டும் என்பதே. எது எப்படியிருப்பினும், கொதிநீர் 100 டிகிரிதான். மலையிறங்கும் காரின் பிரேக் 300 டிகிரியைத் தாண்டும். அங்கே குரோம் தோலும் கரிதான்.

பருத்தியும் கரியாகும் அல்லவா? எனவே 1908 வாக்கில் ஃபுரூட் கல்நாருக்கு மாறினார். கல்நார் ஒரு கனிமம். ஆனால் பஞ்சுபோல் நூற்கலாம், நெய்யலாம், தீப்பிடிக்காது, விலையும் மலிவு. பிரேக்குக்கென்றே இயற்கை படைத்ததுபோல் இருந்தது. ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902இலேயே வட்டத்தகடு பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அவர் செம்பை லைனிங்காக வைத்ததால் அது காதைத் துளைக்கும்படி கத்தியது. அதே ஆண்டில் லூயி ரெனோ உருவாக்கிய டிரம் பிரேக்கே அரை நூற்றாண்டு உலகை ஆண்டது. நம் அம்பாசிடர் கார் பல்லாண்டுகள் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குடன்தான் ஓடியது. டிரம்முக்குள் வெப்பம் அடைபட்டுக் கிடக்கும். வட்டத்தகடோ காற்றில் திறந்து நிற்கும். 1953இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வட்டத்தகடு பிரேக் பொருத்திய ஜாகுவார் வென்ற பிறகு, அந்த வேறுபாட்டை யாரும் மறுக்க முடியவில்லை.

ஆனால் கல்நாருக்கு ஒரு விலை இருந்தது. அதைக் கொடுத்தவர்கள் காரில் போனவர்கள் அல்லர். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கல்நார் நூற்ற நெல்லி கெர்ஷா என்ற பெண் 1924இல் தம் 33ஆம் வயதில் இறந்தார். அவருடைய நுரையீரலை ஆராய்ந்த மருத்துவர் குக், அதில் கல்நார்த் துகள்களைக் கண்டு அதே ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். பிரிட்டன் வெள்ளைக் கல்நாரையும் தடை செய்தது 1999இல். இடையில் 75 ஆண்டுகள்! அத்தனை ஆண்டுகளும் பட்டறைகளில் மெக்கானிக்குகள் டிரம்மைத் திறந்து, உள்ளேயிருந்த தூசியை வாயால் ஊதித் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கேடு தெரியாமல் இருந்தது ஒரு குற்றமன்று. தெரிந்த பிறகும் இவ்வளவு காலம் பிடித்ததை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

தமிழ்நாட்டுக்கும் இக்கதையில் பங்குண்டு. 1964இல் அம்பத்தூரில் ரானே பிரேக் லைனிங்கும், 1974இல் பாடியில் பின்னர் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் என்று பெயர்பெற்ற நிறுவனமும் தோன்றின. இன்றைய பேடு ஒரு கூட்டாஞ்சோறு. எஃகு இழை, அராமிட் இழை, கிராபைட்டு, பேரியம் சல்பேட்டு இன்னும் பலவற்றைக் கலந்து, பினாலிக் பிசினால் பிணைத்து, எஃகுத் தகட்டின்மேல் சூட்டில் அழுத்தி ஒட்டுகிறார்கள்.

இனி என் ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே தளர்த்தினேன். ஜாக்கியால் தூக்கி, அடியில் இரும்புத் தாங்கிகளை வைத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கையை நீட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். தட்டைக் கவ்வியிருக்கும் காலிப்பரை அவிழ்த்து, ரப்பர் குழாயில் பளு விழாதபடி கம்பியால் கட்டித் தொங்கவிட்டேன். பழைய பேடில் 2 மில்லிமீட்டர்தான் மிச்சம். புதியதில் அது 10 மில்லிமீட்டருக்கு மேல். பேடு தேயத் தேயப் பிஸ்டன் முன்னேறி வந்திருக்கும் என்பதால், தடித்த புதுப் பேடு உள்ளே நுழைய வேண்டுமானால் அதைக் கவ்வி கொண்டு மெல்லப் பின்னுக்குத் தள்ள வேண்டும். அப்போது மேலே தொட்டியில் பிரேக் எண்ணெய் உயர்ந்து வழியலாம், கண் வைத்திருங்கள். ஒரு சக்கரத்துக்கு மாற்றினால் எதிர்ச் சக்கரத்துக்கும் மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

எல்லாம் முடித்துப் பெருமையோடு வண்டியைக் கிளப்பினேன். மிதித்தேன். பெடல் தரைவரை போனது, வண்டி நிற்கவில்லை! பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன் மீண்டும் பேடைத் தொட, நிற்கும்போதே பெடலைப் பலமுறை மிதித்து எண்ணெயை நிரப்ப வேண்டும். பாஸ்கல் விதியைப் பத்தாண்டுகளாக வகுப்பில் நடத்துபவன் அதை மறந்தேன். கைப்பிரேக் காப்பாற்றியது, துளசி மாடத்தின் ஒரு மூலை மட்டும் பெயர்ந்தது.

நீங்கள் செய்வதானால் இன்னொன்றும் கேளுங்கள். பழைய வண்டியிலுள்ள பேடில் கல்நார் இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே கருந்தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள். உலர்ந்த தூரிகையும் கூடாது. முகமூடி அணிந்து, ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, துணியை நெகிழிப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள். புதுப் பேடு தட்டோடு நன்கு பொருந்தும்வரை, முதல் இருநூறு கிலோமீட்டருக்குத் திடீர் பிரேக்கைத் தவிர்த்து ஓட்டுங்கள். என் மலை நண்பர் மறுவாரமே அழைத்தார். அந்த இருநூறு கிலோமீட்டரைச் சமவெளியிலேயே முடித்துக்கொண்டுதான் அமிர்திப் பக்கம் போனேன்.