தரிசு மறைந்த வரலாறு: சஸ்காட்சவன் சமவெளியில் வசந்த விதைப்பு, 1885–2021

கனடாவின் சஸ்காட்சவன் மாகாணத்து விவசாயிக்கு ஆண்டுக்கு ஒரே பட்டம்தான். ஏப்ரல் கடைசியில் பனி உருகி, நிலம் டிராக்டரைத் தாங்கும் அளவுக்கு உலர்ந்ததும் விதைப்பு தொடங்கும். மாகாணப் பயிர்க் காப்பீட்டில் பெரும்பாலான பயிர்களுக்கு விதைப்புக் கெடு ஜூன் 20. அதையும் தாண்டி விதைத்தால் மணி முற்றுவதற்குள் உறைபனி விழுந்துவிடும். தெற்குப் பகுதியில் மழையும் பனியும் சேர்ந்தே ஆண்டுக்கு 350 முதல் 400 மில்லிமீட்டர்தான் தேறும். பட்டம் குறுகியது, ஈரம் குறைவு. இந்த இரண்டு நெருக்கடிகளுக்கும் விவசாயிகளும் அரசும் ஆய்வுப் பண்ணைகளும் அவ்வப்போது கண்ட விடைகள்தான் இந்தச் சமவெளியின் விதைப்பு வரலாறு.

குதிரை, டிராக்டர், செயற்கைக்கோள் வழிகாட்டி என்று இயந்திரங்களை வரிசைப்படுத்தி இந்த வரலாற்றைச் சொல்வது வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் விவசாயி வேண்டுமென்றே விதைக்காமல் விட்ட நிலம் அந்த வரிசையில் கண்ணுக்குப் படுவதே இல்லை. 1970களின் தொடக்கத்தில்கூட சஸ்காட்சவனின் சாகுபடி நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒவ்வோர் ஆண்டும் கோடைத் தரிசாகக் கிடந்தது. இன்று அது சில விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. இவ்வளவு தரிசு எப்படி வந்தது, எதனால் போனது என்று கேட்டால் இயந்திரங்களின் கதையும் வேறு மாதிரி தெரியும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கலகம் கற்றுத்தந்த தரிசு

1872ஆம் ஆண்டின் டொமினியன் நிலச் சட்டம் 10 டாலர் கட்டணத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தது. குடியேறியவர் மூன்றாண்டு அங்கேயே வாழ்ந்து நிலத்தைத் திருத்த வேண்டும் என்பது நிபந்தனை. இப்பகுதியின் தெற்கு முக்கோணம் வறண்டது, விவசாயத்துக்கு ஏற்றதல்ல என்று 1857–60இல் ஆய்வுப் பயணம் மேற்கொண்ட ஜான் பாலிசர் எழுதியிருந்தார். தாவரவியலாளர் ஜான் மேக்கூன் 1879, 1880ஆம் ஆண்டுகளில் அங்கே சுற்றியபோது நல்ல மழைக்காலம். எங்கும் பசுமையைக் கண்ட அவர், பாலிசர் சொன்னது தவறு என்று முடிவு கட்டினார். குடியேற்றத்தை விரும்பிய அரசுக்கும் ரயில்வேக்கும் மேக்கூனின் சொல்லே இனித்தது.

1885 வசந்தத்தில் லூயி ரியல் தலைமையில், பூர்வகுடி–ஐரோப்பியக் கலப்பு மரபினரான மேட்டி மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அவர்களை அடக்கப் புறப்பட்ட படைக்குச் சரக்கு இழுக்க இந்தியன் ஹெட் பகுதி விவசாயிகளின் குதிரைகளும் வண்டிகளும் போயின. அவை திரும்பி வருவதற்குள் பட்டம் தப்பிவிட்டது. விதைக்க முடியாமல் போன நிலத்தைக் கோடையில் உழுது, களை அண்டாமல் வைத்திருந்தார்கள். 1886இல் கடும் வறட்சி. மற்ற வயல்கள் கருகிய அந்த ஆண்டில் தரிசாகக் கிடந்த நிலம் மட்டும் நல்ல விளைச்சல் தந்தது. அதைக் கவனித்த அங்கஸ் மெக்கே என்ற விவசாயியை, அங்கே புதிதாகத் தொடங்கிய அரசு ஆய்வுப் பண்ணையின் முதல் கண்காணிப்பாளராக 1887இல் நியமித்தார்கள். அவர் வாயிலாகத் தரிசு அதிகாரபூர்வப் பரிந்துரையானது. தரிசு விடுவது ஐரோப்பாவில் பழைய வழக்கம் என்பதால் இதைக் கண்டுபிடிப்பு என்று கொண்டாடுவது மிகை. அதை ஈரம் சேமிக்கும் உத்தியாக இந்த மண்ணில் நிலைநாட்டியதே மெக்கேயின் பங்கு.

அந்த உத்தியின் உண்மைக் கணக்கு பின்னாளில்தான் தெரிந்தது. இருபது மாதத்துக்கு மேல் நிலத்தைச் சும்மா வைத்திருந்தாலும், அதற்குள் பெய்த மழை, பனியில் ஏறத்தாழ கால் பங்கே மண்ணில் தங்கும். மீதி ஆவியாகிவிடும். தரிசுக்குப் பின் விளைச்சல் கூடியதற்கு ஈரம் பாதிக் காரணம்தான். திரும்பத் திரும்பக் கிளறியதில் மண்ணின் மக்கு வேகமாகச் சிதைந்து நைட்ரஜனை விடுவித்தது. உரமில்லாமலே கோதுமை செழித்தது. ஆனால் அது வட்டியல்ல, முதலைக் கரைத்துச் சாப்பிட்ட சாப்பாடு.

விதையும் கருவியும் யாருக்கு?

பட்டத்தின் நெருக்கடிக்கு விடை விதையிலிருந்து வந்தது. அன்று பரவலாக இருந்த ரெட் ஃபைஃப் கோதுமை ரொட்டிக்கு அருமையானது, முற்றுவதற்குத்தான் நாளாகும். அதை இந்தியாவிலிருந்து போன ஹார்ட் ரெட் கல்கத்தா என்ற குறுகிய கால ரகத்தோடு 1892இல் கலப்பு செய்தனர். அந்தக் கலப்பின் வழிவந்த கதிர்களிலிருந்து சார்லஸ் சாண்டர்ஸ் ஒட்டாவாவில் தேர்ந்தெடுத்ததுதான் மார்க்விஸ். பசைத்தன்மையைச் சோதிக்க அவர் மணிகளை வாயில் போட்டு மென்றே பார்த்தார். 1907இல் அந்த விதை இந்தியன் ஹெட்டுக்குப் போனது. 1909இல் விவசாயிகள் கைக்கு வந்தது. ரெட் ஃபைஃபைவிட ஒரு வாரம், பத்து நாள் முன்னதாக அது முற்றியது. அந்த வித்தியாசத்தால் உறைபனிக்குப் பயந்து ஒதுக்கியிருந்த வடக்கு நிலங்களும் கோதுமை நிலங்களாயின. ராஸ்தர்னைச் சேர்ந்த சீகர் வீலர் 1911இல் நியூயார்க் கண்காட்சியில் மார்க்விஸ் கோதுமைக்குப் பரிசு பெற்றபின் அதன் பரவலைத் தடுக்க ஆளில்லை.

ஆரம்பத்தில் விதையைக் கையால் வீசிவிட்டுப் பரம்பு அடித்தார்கள். வீசிய விதை ஒன்று மேலேயே கிடந்து காயும், இன்னொன்று ஆழத்தில் புதைந்துபோகும். குதிரைகள் இழுத்த விதைப்புக் கருவி வரிசையாகக் கோடு கிழித்து, விதையை ஈர மண்ணில் இட்டு மூடியது. முளைப்பு ஒரே சீராக இருந்தது, விதையும் மிச்சமாயிற்று.

அந்தக் கருவி எல்லோருக்கும் அனுமதிக்கப்படவில்லை என்பதைப் பண்ணை வரலாறுகள் பெரும்பாலும் பேசுவதில்லை. உடன்படிக்கைகளின்படி ஒதுக்கீட்டு நிலங்களுக்குப் போன பூர்வகுடிகளில் பலர் 1880களில் நல்ல விவசாயிகளாகவே உருவெடுத்தனர். கூட்டாகப் பணம் போட்டு இயந்திரங்களும் வாங்கினார்கள். 1889இல் பூர்வகுடி விவகார ஆணையர் ஹேட்டர் ரீட் அவர்கள்மீது ‘சிறுகுடியானவர்’ கொள்கையைச் சுமத்தினார். ஒரு குடும்பத்துக்குச் சில ஏக்கர்; கையால் விதைக்க வேண்டும், அரிவாளால் அறுக்க வேண்டும். பக்கத்து நிலத்தில் வெள்ளைக் குடியேறி விதைப்புக் கருவி ஓட்ட, இவர்கள் கூடையில் விதை சுமந்து வீசிக்கொண்டிருந்தார்கள். சில வாரங்களே நீடிக்கும் பட்டத்தில் இது தோற்பதற்கென்றே வகுத்த ஏற்பாடு. சாரா கார்ட்டர் 1990இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்தக் கொள்கையை ஆவணங்களோடு வெளிக்கொண்டு வந்தது. பூர்வகுடிகளுக்கு விவசாயம் வராது என்ற கட்டுக்கதை அதோடு ஆட்டம் கண்டது. 1897இல் ரீட் பதவி இழந்ததும் கொள்கை தளர்ந்தது. அதற்குள் பல குடும்பங்கள் விவசாயத்தையே விட்டிருந்தன.

தூசி

1920களில் டிராக்டர் பெருகியது. வட்டத் தட்டுகள் பூட்டிய கருவிகள் அகலமாக, விரைவாக உழுதன. தரிசு நிலத்தை மாவு போல் பொடியாக்கி, ஒரு புல்கூட இல்லாமல் கறுப்பாக வைத்திருப்பது நல்ல விவசாயியின் அடையாளமாயிற்று. 1930களில் மழை பொய்த்தபோது அந்தக் கறுப்பு நிலம்தான் காற்றில் எழுந்தது. 1937இல் சஸ்காட்சவனின் சராசரி கோதுமை விளைச்சல் ஏக்கருக்கு 3 புஷலுக்கும் குறைவு. மறு ஆண்டு விதைக்கு எடுத்துவைத்தால் மிஞ்சுவது சொற்பம்.

1935இல் கனடிய நாடாளுமன்றம் சமவெளி விவசாயச் சீரமைப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதே காலத்தில் பக்கத்து மாகாணமான ஆல்பெர்ட்டாவின் சார்லஸ் நோபிள் நீண்ட தட்டைக் கத்தி போன்ற ஒரு கருவியைச் செய்தார். அது மண்ணுக்கடியில் சென்று களை வேரை அறுக்கும். மேலே நிற்கும் அரிதாளைத் தொடாது. மண்ணைப் புரட்டுவதே உழவு என்ற நினைப்பில் விழுந்த முதல் விரிசல் இதுதான். ஆனாலும் தரிசு போகவில்லை. நோபிளின் கத்தியும் தரிசைப் பாதுகாப்பாக வைத்திருக்கத்தான் பயன்பட்டது. 1970இல் கோதுமை கையிருப்பு மலைபோல் குவிந்தபோது, விதைக்காமல் விடும் நிலத்துக்கு ஏக்கர் கணக்கில் மத்திய அரசே பணம் கொடுத்தது. அந்த ஆண்டு சமவெளியில் கோதுமைப் பரப்பு ஏறக்குறைய பாதியானது. தரிசுப் பரப்பு ஊதிப் பெருத்தது. மண் அறிவியலாளர்கள் உப்புப் பூத்த நிலங்களையும் கரைந்த மக்கையும் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்த நேரம் அது.

உழவு விதைப்புக்குள் கரைதல்

1984இல் செனட்டர் ஹெர்பர்ட் ஸ்பாரோ தலைமையிலான குழு மண் சீரழிவு பற்றிய அறிக்கையை வெளியிட்டது. விவசாயிகள் மனம் மாறியதற்கு அந்த அறிக்கையே காரணம் என்பார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. 1991 கணக்கெடுப்பில் சஸ்காட்சவனின் விதைப்புப் பரப்பில் ஏறத்தாழ 10 விழுக்காடுதான் உழாமல் விதைக்கப்பட்டது. 2011இல் அது சுமார் 70 விழுக்காடு. இடைப்பட்ட இருபதாண்டில் கிளைஃபோசேட் களைக்கொல்லியின் விலை இறங்கியது, டீசல் விலை ஏறியது. களையை அழிக்க நாலு முறை உழுவதைவிட ஒரு முறை தெளிப்பது மலிவாயிற்று. அறிக்கை வழியைக் காட்டியது. நடக்க வைத்தது செலவுக் கணக்கு.

கருவியும் கைகூட வேண்டியிருந்தது. அரிதாள் நிற்கும் இறுகிய மண்ணைப் பழைய விதைப்புக் கருவியால் துளைக்க முடியாது. இந்தியன் ஹெட் பகுதி விவசாயி ஜிம் ஹால்ஃபர்ட் 1980களில் தம் பட்டறையில் வடிவமைத்த கருவி, ஒரே ஓட்டத்தில் குறுகிய கொழுவால் கீறி, உரத்தை ஆழத்தில் சற்றுத் தள்ளியும் விதையை அதற்கு மேலே பக்கவாட்டிலும் இட்டு, பின்சக்கரத்தால் அழுத்தி மூடியது. உரத்தின் சூடு விதையைச் சுடாது, உரம் வேருக்கும் எட்டும். ஊர்ப் பட்டறைகளிலிருந்து கிளம்பிய இத்தகைய கருவிகள் மாகாணத்தின் பெரிய தொழிலாகவே வளர்ந்தன.

இன்றைய விதைப்பைப் பக்கத்தில் நின்று பார்த்தால் மாற்றத்தின் தன்மை பிடிபடும். 60, 80 அடி அகலச் சட்டகம். பின்னால் விதையும் உரமும் தனித்தனி அறைகளில் நிரப்பிய தொட்டிவண்டி. விசிறிக் காற்று விதையைக் குழாய்கள் வழியே ஒவ்வொரு கொழுவுக்கும் தள்ளும். ஸ்டியரிங்கை ஜிபிஎஸ் பார்த்துக்கொள்ளும். ஆனாலும் வயல் மாறும்போது ஓட்டுபவர் இறங்கி மண்டியிடுகிறார். பேனாக்கத்தியால் கோட்டைக் கீறி, மருந்து பூசிய வண்ண விதை எங்கே கிடக்கிறது என்று விரலால் அளக்கிறார். கனோலா என்ற எண்ணெய்வித்து என்றால் அரை அங்குலத்திலிருந்து ஓர் அங்குலம், கோதுமை என்றால் இன்னும் கொஞ்சம் ஆழம். ஒரு குழாய் அடைத்துக்கொண்டால் கூடத் திரையில் எச்சரிக்கை வரும். ஈரம் எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை அவர் இன்னமும் மண்ணைப் பிசைந்துதான் தெரிந்துகொள்கிறார்.

தரிசின் இடத்தில் பருப்பு

உழாத மண்ணில் ஈரம் தங்கியதும், நிலத்தைச் சும்மா விடக் காரணமில்லாமல் போனது. அந்த இடத்தில் எதை விதைப்பது? 1971இல் தொடங்கிய சஸ்காட்சவன் பல்கலைக்கழகப் பயிர் மேம்பாட்டு மையத்தில் ஆல் ஸ்லிங்கார்ட் பருப்புப் பயிர்களைக் கையிலெடுத்தார். 1978இல் அவர் வெளியிட்ட லேர்ட் என்ற மசூர் ரகம் பெரிய பச்சைப் பருப்பு. தோலை நீக்கினால் உள்ளே மஞ்சள். காற்றிலுள்ள நைட்ரஜனை வேர்முடிச்சில் பிடித்துவைக்கும் பயிர் அது. வேரும் ஆழமாக ஓடாது. அடி ஈரம் அடுத்த ஆண்டுக் கோதுமைக்கு மிஞ்சும். தரிசு செய்த இரண்டு வேலையையும் ஏறக்குறைய செய்துவிட்டு, விற்கவும் விளைச்சல் தந்தது. 1995இல் தானியத்துக்கான ரயில் கட்டணச் சலுகை முடிவுக்கு வந்ததும், எடைக்கு எடை கூடுதல் விலை கிடைக்கும் பருப்பின் பக்கம் விவசாயிகள் இன்னும் சாய்ந்தார்கள். இந்தப் பயிர் விதைப்பிலேயே ஒரு வேலையைக் கூட்டியது. காய்கள் தரையோடு தொங்குவதால் அறுவடைக் கத்தி மண்ணை ஒட்டிப் போக வேண்டும். அதனால் விதைத்ததும் கனமான உருளையை ஓட்டி, குளிர்கால உறைவு மேலே தள்ளிய கற்களை மண்ணுக்குள் அழுத்திவிடுகிறார்கள்.

தமிழர் சமையலறைக்கு இந்த வரலாறு வந்து சேரும் இடம் இதுதான். 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் தமிழ்நாட்டு ரேஷன் கடைகள் துவரம்பருப்புக்கு மாற்றாகக் கனடா மஞ்சள் பருப்பை வழங்கின. சாம்பாருக்கு ருசி போதாது என்று வாங்கியவர்கள் குறைசொன்னதும் உண்டு. இலங்கையில் வெறுமனே பருப்பு என்றாலே குறிக்கும் அந்தச் சிவப்புப் பருப்பிலும் கணிசமான பகுதி கனடாவில் விளைந்ததே.

இந்த மாற்றத்துக்குச் சஸ்காட்சவன் ஊர்கள் கொடுத்த விலை சிறிதல்ல. 1936இல் சஸ்காட்சவனில் 1,42,000க்கு மேற்பட்ட பண்ணைகள் இருந்தன, 2021இல் 34,128. சராசரிப் பண்ணையின் அளவு 1,766 ஏக்கர், அதாவது பதினொரு குடியேறிகளின் பங்கு. ஒரே ஓட்டத்தில் விதைக்கும் கருவி இல்லாமல் அவ்வளவு நிலத்தை ஒரு குடும்பம் ஒரு பட்டத்துக்குள் முடிக்க முடியாது. அவ்வளவு நிலம் இல்லாமல் அந்தக் கருவியின் கடனையும் அடைக்க முடியாது.

புதிய ஏற்பாடும் அசைக்க முடியாததல்ல. 2011இல் தெற்கு ஆல்பெர்ட்டாவில் கிளைஃபோசேட்டுக்கு அடங்காத கோச்சியா களை தென்பட்டது. காய்ந்ததும் தண்டு அடியில் முறிந்து, காற்றில் உருண்டபடி விதை சிந்தும் களை அது. 2017 நவம்பரில் இந்தியா பட்டாணிக்கு 50 விழுக்காடும், டிசம்பரில் மசூர் பருப்புக்கு 30 விழுக்காடும் இறக்குமதி வரி போட்டது. அடுத்த வசந்தத்தில் என்ன விதைப்பது என்பது டெல்லியைப் பார்த்து முடிவு செய்யும் விஷயமாயிற்று. இவற்றைவிட மெல்ல வரும் சிக்கல் மண்ணுக்குள் இருக்கிறது. பட்டாணியையும் மசூர் பருப்பையும் தாக்கும் அஃபனோமைசிஸ் வேரழுகல் நோய் 2012இல் சஸ்காட்சவனில் உறுதிசெய்யப்பட்டது. அதன் வித்துகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நோய் கண்ட வயலில் ஆறு முதல் எட்டு ஆண்டுகளுக்கு இந்த இரண்டையும் விதைக்க வேண்டாம் என்பது இன்றைய பரிந்துரை. வறண்ட தென்மேற்கில் அந்த இடைவெளியை நிரப்பும் பயிர்கள் குறைவு. அங்கே சிலர் களைக்கொல்லி தெளித்த தரிசை மறுபடியும் பயிர்ச் சுழற்சியில் சேர்த்திருக்கிறார்கள்.