கைரேகையும் கேட்டுலகப் புனைவும்

மேலை இலக்கியத்தில் ‘டிஸ்டோபியா’ என வழங்கும் ஒரு புதின வகை உண்டு. மனிதன் அமைத்த ஆட்சியே மனிதனை விழுங்கிவிட்ட நாட்டைச் சித்திரிப்பதால், இதனைக் கேட்டுலகப் புனைவு எனலாம். பெயர்களுக்கு மாற்றாக எண்களைச் சுமந்து கண்ணாடி வீடுகளில் வாழும் மக்களை ரஷ்யரான ஸம்யாத்தின் ‘நாம்’ என்னும் புதினத்தில் படைத்தார்; அதன் ஆங்கில ஆக்கம் 1924இல் வெளிவந்தது. இன்பத்தாலேயே அடிமைப்படுத்தப்பட்ட சமூகத்தை ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932இல் வரைந்தார். சுவரிலிருந்து இடையறாது உற்றுநோக்கும் தொலைத்திரையை ஜார்ஜ் ஆர்வெல் தமது ‘1984’ புதினத்தில் 1949இல் காட்டினார்.

இப்புதினங்கள் இன்றைய சமூகத்தைப் பிரதிபலிக்கின்றனவா என்னும் வினா தொடர்ந்து எழுப்பப்படுகிறது. விடை தேடுவோர் பெரும்பாலும் இலண்டனையும் மாஸ்கோவையுமே நோக்குகின்றனர். சங்கரன்கோவில் போன்றதொரு தென்பாண்டிச் சீமை ஊரில் நின்று நோக்கினால், எதிர்காலத்தைப் பற்றிய எச்சரிக்கையாகக் கருதப்படும் செய்திகள் பல இம்மண்ணின் கடந்தகாலமாகவே இருப்பது புலனாகும்.

ஃபாராபியின் நகரங்கள்

கேடுற்ற நாட்டைச் சிந்தித்தல் இருபதாம் நூற்றாண்டின் புதுக் கண்டுபிடிப்பன்று. 950இல் மறைந்த தத்துவஞானி அல்ஃபாராபி, நற்பண்பு நகரமாகிய ‘அல்மதீனத்துல் ஃபாழிலா’வை விளக்கியதோடு, அதற்கு மாறான நகரங்களையும் வகைப்படுத்தினார். பிறரை அடக்கியாள்வதையே நாடும் ஆதிக்க நகரமும், புலனின்பத்தையே நாடும் இழிநிலை நகரமும் அவற்றுள் அடங்கும். ஆர்வெலின் நாடு முன்னதற்கும், ஹக்ஸ்லியின் நாடு பின்னதற்கும் நெருக்கமானவை. ஃபாராபி ஒரு நகரத்தை அதன் கருவிகளைக் கொண்டு மதிப்பிடவில்லை. அந்நகரத்தார் எதனை நாடி ஒன்றுகூடியுள்ளனர் என்பதே அவருடைய அளவுகோல். கண்காணிப்புக் கருவிகளின் பெருக்கத்தைக் கண்டவுடன் ‘ஆர்வெல் சொன்னது பலித்துவிட்டது’ என்று முடிவுகட்டுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

மோதிஹாரியின் இருவர்

ஆர்வெல் 1903 ஜூன் 25 அன்று பீகாரின் மோதிஹாரியில் பிறந்தவர். அவருடைய தந்தை ஆங்கில அரசின் அபினித் துறை அலுவலர். ஆர்வெல் தாமும் 1922 முதல் 1927 வரை பர்மாவில் காவல்துறை அதிகாரியாகப் பணியாற்றினார். பர்மா அன்று பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். ஆளப்படுவோரைப் பதிவேடுகளாலும் ஐயத்தாலும் ஆளும் கலையை, ஸ்டாலினின் ரஷ்யாவைப் பற்றி எழுதுவதற்கு நெடுங்காலம் முன்பே அவர் உள்ளிருந்து கண்டிருந்தார்.

அதே மோதிஹாரியில் தம் இறுதிக்காலத்தைக் கழித்து மறைந்தவர் காஸி அஸீஸுல் ஹக். கைரேகைகளைக் கணித முறையில் 1024 அறைகளாகப் பகுத்து, வேண்டிய ரேகையை விரைந்து தேடியெடுக்கும் வழியை வகுத்ததில் இவருக்கும் ஹேமசந்திர போஸுக்கும் பெரும்பங்கு உண்டு. இம்முறையைக் கொண்டு 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு நிறுவப்பட்டது. இலண்டன் ஸ்காட்லாந்து யார்டு இதனைப் பின்பற்றியது 1901இல்தான். எனினும் அம்முறைக்கு வாய்த்த பெயரோ அவர்களுடைய மேலதிகாரியான எட்வர்ட் ஹென்றியின் பெயர். அடையாளத்தைக் கோப்பாக்கும் தொழில்நுட்பம் இந்திய மண்ணில் சோதிக்கப்பட்ட பிறகே இங்கிலாந்துக்குச் சென்றது என்பது கருதத்தக்கது.

தெற்கே வந்த ரேகைச் சட்டம்

1871இல் வட இந்தியாவுக்கென இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. ஒரு சமுதாயத்தை அரசு ‘குற்றப் பரம்பரை’ என அறிவித்துவிட்டால், அவ்வறிவிப்பை எந்த நீதிமன்றத்திலும் எதிர்த்து வழக்காட இயலாது. பதிவு செய்யப்பட்டோர் கைரேகை வைக்க வேண்டும். குறித்த வேளையில் ஆஜராக வேண்டும். பல ஊர்களில் ஆடவர் இரவைக் காவல் நிலையத்திலோ சாவடியிலோ கழிக்க வேண்டும். வெளியூர் செல்வதற்கு ‘ராதாரிச் சீட்டு’ தேவை. வழிக்காவலைக் குறிக்கும் ‘ராஹ்தாரி’ என்னும் பாரசீகச் சொல், மக்கள் வாயில் அடிமைச் சீட்டின் பெயராயிற்று.

நெற்கட்டும்செவல், சிவகிரி, ஊத்துமலை முதலிய பாளையங்கள் சூழ்ந்த சங்கரன்கோவில் வட்டாரத்தில், மறவர்கள் ஊர்க்காவலையும் தேசக்காவலையும் உரிமைத் தொழிலாகக் கொண்டிருந்தனர். களவுபோன பொருளுக்கு ஈடு தருவது காவல்காரரின் கடமை. பாளையங்கள் 1801இல் ஒடுக்கப்பட்டபின், இக்காவல் முறையை ஆங்கில ஆட்சி மிரட்டிப் பணம் பறிக்கும் வழக்கமாகவே கண்டது. அதில் மிரட்டல் கலந்திருந்த இடங்களும் உண்டு. ஆனால் அதற்குத் தனிமனிதரை விசாரித்துத் தண்டிக்காமல் பிறப்பையே குற்றமாக்கியதுதான் சட்டம் செய்த புதுமை. காவலர் பரம்பரை கோப்பில் கள்வர் பரம்பரையாயிற்று. திருநெல்வேலிச் சீமை மறவர்கள் இன்றும் சீர்மரபினர் பட்டியலில் இடம்பெறுவது இவ்வரலாற்றின் எச்சமே.

மதுரைச் சீமையில் பிறமலைக் கள்ளர்மீது இச்சட்டம் கடுமையாகப் பாய்ந்தது. கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று காவலர் சுட்டதில், மாயக்காள் என்னும் பெண் உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் இம்மக்களுக்காக வாதாடினார். ‘ரோசாப்பூ துரை’ என அவர்கள் அவரை அன்புடன் அழைத்தனர். முத்துராமலிங்கத் தேவர், ஜீவானந்தம் முதலியோரும் சட்டத்தை எதிர்த்துப் போராடினர். சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுமைக்கும் 1952 ஆகஸ்ட் 31 அன்றும் சட்டம் நீக்கப்பட்டது. ‘1984’ அச்சேறுவதற்கு ஈராண்டு முன்னரே, அதனையொத்த ஓர் ஆட்சிமுறை இங்கே தோன்றி, முதிர்ந்து, சட்டநூலிலிருந்து மறைந்திருந்தது.

தலைகீழான கண்ணாடி

எனினும் புதினத்துக்கும் நம் வரலாற்றுக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. ஆர்வெலின் நாட்டில் மக்கள்தொகையில் நூற்றுக்கு 85 பேராகிய பாட்டாளிகள் பெரும்பாலும் கண்காணிக்கப்படுவதில்லை. அவர்களுள் பலர் வீட்டில் தொலைத்திரையே இல்லை. ஆளும் கட்சியைச் சார்ந்தோரே இரவும் பகலும் உற்றுநோக்கப்படுகின்றனர். நம் நாட்டு வரலாறு இதற்கு நேர்மாறானது. இங்கே கண்காணிப்பு கீழ்நோக்கியே பாய்ந்தது. சாவடியில் படுத்திருந்தவன் குடியானவன். அவ்விரவில் தன் வீட்டில் அமைதியாக உறங்கியவர்களோ, தம்மை எவரும் உற்றுநோக்காததால் அப்படியொரு கேட்டுலகம் அடுத்த தெருவில் இருப்பதையே அறியாதவர்கள்.

இன்றைய நிலையையும் இவ்வளவுகோலால் அளக்கலாம். அந்தரங்கம் அடிப்படை உரிமையென உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2018 செப்டம்பர் 26 அன்று வெளியான ஆதார் தீர்ப்பு, வங்கிக் கணக்குக்கும் கைப்பேசிக்கும் ஆதார் கட்டாயமில்லை என்றது. வருமான வரி எண்ணுடன் இணைப்பதையும், அரசின் மானியங்களுக்கு அதனைக் கேட்பதையும் ஏற்றது. ஐவருள் ஒருவரான நீதிபதி சந்திரசூட் மாறுபட்டார். தமிழகத்தின் நியாயவிலைக் கடைகளில் 2020 அக்டோபரில் விரல்ரேகைச் சரிபார்ப்பு நடைமுறைக்கு வந்தது. முதுமையாலும் உடலுழைப்பாலும் ரேகை தேய்ந்தோரைக் கருவி அறிந்துகொள்ளாமற்போவது நாடறிந்த சிக்கல். விசைத்தறித் தொழிலாளர் நிறைந்த சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் இது சிறு செய்தியன்று.

ரேகைச் சட்டத்தையும் ஆதாரையும் ஒன்றெனக் கூறுதல் பெருங்காமநல்லூரில் மாண்டவர்களுக்கு இழைக்கும் அநீதியாகும். முன்னது ஒடுக்குவதற்கென்றே பிறந்தது. பின்னது அரிசியை உரியவரிடம் சேர்ப்பதற்கெனக் கூறப்படுவது. அதன் குறைகளை நீதிமன்றத்தில் முறையிடவும் முடிகிறது. ஆயினும் ‘நீ நீதானா?’ என்னும் கேள்விக்கு விரலை நீட்டி விடை சொல்லும் கடமை, இன்றும் அரிசிக்காக வரிசையில் நிற்பவருக்கே அன்றாடமாக இருக்கிறது.

சட்டம் நீங்கினாலும் பதிவேட்டின் பார்வை எளிதில் நீங்குவதில்லை. சாதி அடிப்படையில் வேலை பகுத்த சிறை விதிகளையும், சீர்மரபினரை வழக்கமான குற்றவாளிகளாகக் கருதிய விதிகளையும் உச்ச நீதிமன்றம் செல்லாதவையாக்கியது 2024 அக்டோபர் 3 அன்றுதான். அதாவது குற்றப் பரம்பரைச் சட்டம் நீங்கி எழுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. ஐயத்தையும் துருவி ஆராய்வதையும் ஒருங்கே விலக்கும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் பன்னிரண்டாம் வசனத்தை ஓதும் சமுதாயத்துக்கு, இவ்விரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பவை என்பது புதிய செய்தியன்று. ஐயம் முதலில் பிறக்கிறது. கோப்பு அதனைத் தொடர்கிறது. கோப்பிலுள்ளதே பின்னர் ஐயத்துக்குச் சான்றாகிறது.

ஆகவே, கேட்டுலகப் புனைவு இன்றைய சமூகத்தைக் காட்டுகிறதா என்று கேட்போர், அது யாருடைய சமூகம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஒரே நாட்டில், ஒரே ஆண்டில், ஒரு தெருவார்க்குப் புதினமாக இருப்பது மறுதெருவார்க்கு வாழ்வாக இருந்திருக்கிறது. ஆர்வெலைக் கற்பதோடு பெருங்காமநல்லூரையும் நம் பிள்ளைகள் கற்கவேண்டியது இதன் பொருட்டே.