நிலமும் ஊரும் வழியும்: திருவாலங்காட்டு வட்டாரச் சிற்றூர்களின் வரலாறு

திருவாலங்காடு என்னும் பெயரைக் கேட்டவுடன் காரைக்காலம்மையாரும் நடராசரின் இரத்தின சபையும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும் இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது அத்திருக்கோயிலின் வரலாறன்று. அதனைச் சூழ்ந்த உழவூர்களின் வரலாறே. நிலம் யாருக்கு உரியது? ஊரில் குடியிருக்கும் உரிமை யாருக்கு உண்டு? ஊரை விட்டுச் செல்லவும் மீண்டு வரவும் யாரால் இயலும்? இம்மூன்று வினாக்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை. இப்பகுதியில் நம் சபைகள் பெரும்பாலும் எழுந்தது இம்மூன்று உரிமைகளையும் இழந்திருந்த மக்களிடையேயாதலின், இவ்வரலாறு போதகர்க்குப் புறம்பானதன்று.

1. செப்பேட்டில் கண்ட ஊர்

1905-இல் வெளிப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகள் முதலாம் இராசேந்திர சோழனின் 6-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. ஏறத்தாழ 1018-ஆம் ஆண்டினவை. சோழர் குலவரலாற்றுக்காகவே அறிஞர் இவற்றைப் பெரிதும் போற்றுவர். எனினும் அவ்வேடுகளின் நேர்நோக்கம் ஒரு நிலக்கொடையே. பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அரசன் அளித்ததை அவை பதிவு செய்கின்றன. வயல், வாய்க்கால், பாறை, கிணறு என ஒவ்வொன்றையும் சுட்டி எல்லை வகுக்கப்படுகிறது. பெண்யானையை எல்லை சுற்றி நடத்திக் கல்லும் கள்ளியும் நாட்டுதல் அக்காலச் சோழர் கொடைகளின் வழக்கு.

இதனின்று நாம் அறிவது யாது? ஊர் என்பது வெறும் வீடுகளின் கூட்டமன்று. எழுதி உறுதிசெய்யப்பட்ட உரிமைகளின் தொகுதி. அவ்வுரிமைத் தொகுதியில் உழைப்போரின் இடம் யாது என்பதைத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் குறிப்பாக உணர்த்துகின்றன. அவற்றில் வரி நீக்கப்பட்ட நிலங்களின் வரிசையில் ஊர்நத்தம், கம்மாணசேரி, சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் வருகிறது. சேரி ஊருக்குள் கணக்கிடப்பட்டது. ஆயினும் ஊரினின்று பிரித்தே எழுதப்பட்டது.

2. வழிப்போக்கனும் ஊராரும்

பழையனூரைப் பற்றி வழங்கும் நீலி கதை யாவரும் அறிந்ததே. வழிப்பயணியாக வந்த வணிகன் ஒருவனை, அவன் மனைவியென வாதிட்ட பேய்மகளோடு ஓரில்லத்தில் தங்குமாறு ஊரார் தீர்ப்பளித்தனர். அவனுக்குத் தீங்கு நேரின் தம் உயிரைத் தருவதாக 70 வேளாளர் பிணை நின்றனர். அவன் கொல்லப்படவே, சொன்ன சொல் தவறாது அவர்கள் தீப்புகுந்தனர் என்பது கதை. கதையின் மெய்ம்மையை ஆராய்தல் நம் நோக்கமன்று. வழிச்செல்வோனின் பாதுகாப்பு ஊரின் கடமை என்றும், அக்கடமையை ஏற்றுப் பிணை நிற்போர் நிலமுடையோரே என்றும் இம்மரபு கொண்டிருந்தது. சேரியில் வாழ்ந்தோர் இக்கதையில் சாட்சிகளாகவேனும் தோன்றவில்லை என்பதும் நோக்கற்பாலது.

3. காணியாட்சியும் மிராசும்

பிற்காலத்தில் திருவாலங்காடு கார்வேட்டிநகரம் ஜமீனைச் சார்ந்திருந்தது. அதற்குக் கிழக்கே கிழக்கிந்தியக் கம்பெனி 1763-இல் ஆற்காட்டு நவாபினிடம் பெற்ற செங்கற்பட்டு ஜாகீர் பரந்திருந்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு என்பார் ஜாகீரின் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். விளைச்சலைப் பங்கிடுமுன் களத்திலேயே கணக்கர், தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், வெட்டியார் முதலியோர்க்குத் தானியம் அளக்கப்பட்டதை அக்கணக்குகள் காட்டுகின்றன. ஊரின் பணிகள் ஒரே களத்தினின்று உணவு பெற்றன. ஆயின், அளவில் ஏற்றத்தாழ்வு இருந்தது. நிலத்தில் உரிமையோ சிலர்க்கே இருந்தது.

அவ்வுரிமையே காணியாட்சி, பின்னர் மிராசு எனப்பட்டது. சென்னைக் கலெக்டராயிருந்த எல்லிஸ் தம் சிரஸ்தார் சங்கரய்யாவின் துணையோடு 1816-இல் இதனை விரிவாக விளக்கினார். மிராசுதாரின் பங்கு விளைநிலத்தோடு நிற்கவில்லை. நத்தம், தரிசு ஆகியவற்றின்மீதும் அவர் முதலுரிமை கோரினார். சேரி நின்ற மண்ணும் தமக்குரியதென்று மிராசுதார் கூறியபோது, பண்ணையாளின் குடிசை அவருடைய தயவில் நிற்பதாயிற்று. 1843-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டம் அடிமைமுறைக்கு இருந்த சட்ட ஆதரவை நீக்கியது. ஆயினும் எதிர்த்துப் பேசினால் குடிசையை இழக்க நேரும் என்ற நிலைமை நீங்கவில்லை.

இந்நிலை நம் நாட்டுக்கே உரியதன்று. ஜாவாவின் உழவூர்களிலும் நிலப்பங்குடைய முழுக்குடியினர் சிக்கெப் எனப்பட்டனர். அவர்தம் வளவில் ஒண்டி வாழ்ந்த நிலமற்றோர் நும்பாங் எனப்பட்டனர். ஆங்குச் சாதித் தீண்டாமை இல்லை. எனினும் குடியிருப்பு மண் பிறருடையதாயிருந்தவரை நிலமற்றோர் சார்ந்து வாழ்வோராகவே இருந்தனர்.

4. இருப்புப் பாதையும் கடல்வழியும்

1856 ஜூலை 1-இல் இராயபுரத்தினின்று வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் இரயில் ஓடியது. அப்பாதை திருவள்ளூர் வழியாகத் திருவாலங்காட்டை அடுத்தே சென்றது. ஊர்ப் பொதுவழியில் நடக்கத் தடைசெய்யப்பட்டவனும் பயணச்சீட்டு வாங்கினால் வண்டியேறலாம் என்பது சிறிய மாறுதலன்று. 1860-இல் 'ட்ரூரோ' என்னும் கப்பல் ஒப்பந்தக் கூலிகளைச் சென்னையினின்று நேட்டாலுக்கு ஏற்றிச் சென்றது. 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற சுமார் 1,52,000 இந்தியருள் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்திற் புறப்பட்டோரே. வடஆற்காடு, செங்கற்பட்டு மாவட்டத்தார் அவருட் பலர். 1890 முதல் ஜாவா உழவரும் இவ்வாறே சுரினாமுக்கு அனுப்பப்பட்டனர்.

பயணம் விடுதலையா? ஓரளவே. பண்ணைக் கடனை விட்டு வெளியேறியவன் ஐந்தாண்டு ஒப்பந்தத்திற்குட்பட்டான். ஆயினும் தொழிலாளி வெளியேறக்கூடும் என்ற அச்சம் ஊரில் எஞ்சியவரின் நிலையையும் ஒருவாறு மாற்றியது. இடம்பெயரக் கூடியவனை முன்போல் அடக்குதல் எளிதன்று.

5. 1892-ஆம் ஆண்டு ஆணை

திருவள்ளூரிலும் ஈக்காட்டிலும் பணியாற்றிய வெஸ்லியன் மெதடிஸ்டு மிஷனெரி வில்லியம் கவுடியும், செங்கற்பட்டில் ஸ்காத்லாந்து சுயாதீனச் சபையின் ஆடம் ஆண்ட்ரூவும் இச்சிக்கலை அன்றாடம் கண்டனர். பள்ளி தொடங்கினும் சபை கூடினும், மிராசுதார் சினந்தால் மக்கள் குடியிருப்பையே இழப்பர். எனவே அவர்கள் குடிமனைக்கும் தரிசு நிலத்திற்கும் அரசிடம் வாதாடினர். செங்கற்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891-இல் அம்மாவட்டத்துப் பறையர் நிலை குறித்து அறிக்கை அளித்தார். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30-இல் வருவாய்த்துறையின் 1010-ஆம் எண் ஆணை பிறந்தது. இன்று பஞ்சமி நிலம் என வழங்குவதன் தொடக்கம் இதுவே. 10 ஆண்டுகள் வரை அந்நிலத்தை யாருக்கும் விற்கலாகாது, அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கே விற்கலாம் என்பன பிற்காலத்து விதிகள்.

மிஷன்களின் முயற்சியைப் போற்றுங்கால் அதன் எல்லையையும் கூறல் வேண்டும். மிஷன் நிலம் வாங்கி மக்களைக் குடியேற்றிய இடங்களில் மிஷனே உடைமையாளராயிற்று. குடியேறியோர் அச்சம் நீங்கப் பெற்றனர். ஆயினும் மண் மீண்டும் பிறர் பெயரிலேயே இருந்தது.

6. நம் காலம்

1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களை ஒழித்தது. 1960-இல் திருத்தணி வட்டாரம் ஆந்திரத்தினின்று தமிழ்நாட்டோடு இணைந்தது. ஆட்சி மாறியது, மாவட்டம் மாறியது, பதிவேடுகள் கை மாறின. பஞ்சமி நிலங்கள் பல இடங்களில் விதிக்கு மாறாகப் பிறர் வசமாயின. 1994 அக்டோபரில் செங்கற்பட்டை அடுத்த காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க எழுந்த போராட்டத்தின்போது நிகழ்ந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதிகளில் ஆலைகளும் வீட்டுமனைகளும் பெருகியிருக்கும் இந்நாளில், பயிர் ஏறாதென ஒதுக்கப்பட்ட தரிசும் விலையேறிய பொருளாகிவிட்டது. எனவே அன்று கொடுக்கப்பட்டதைக் காப்பது இன்று இன்னும் கடினம்.

நாபோத்தின் திராட்சத் தோட்டத்தைப் பற்றி நாம் பலகால் பிரசங்கித்திருக்கிறோம். நாபோத்து இழந்தது தன் பிதாக்களின் சுதந்தரம். நம் சபையாரில் பலர்க்கோ அவர்தம் பாட்டனார் காலத்தில் முதன்முதலாகக் கிடைத்த ஒரு துண்டு நிலமே அச்சுதந்தரம். நாபோத்தின் கதையில் பொய்ச்சாட்சியும், முத்திரையிட்ட நிருபங்களும் அவனுக்கு எதிராயின. நம் சிற்றூர்களில் வாசிக்கப்படாத பத்திரமே அப்பணியைச் செய்துவிடுகிறது. ஆதலின், சிற்றூர்ச் சபைக்குச் செல்லும் இளம் போதகர் அவ்வூரின் பட்டாவையும் அடங்கலையும் வாசிக்கக் கற்றல் வேண்டும். டி.சி. நிலம் எனப் பதிவேட்டில் குறிக்கப்பட்டது எது, அது இன்று யார் கையில் உள்ளது என்று கேட்டறிதல் வேண்டும். இறையியற் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் இதற்குச் சில வாரங்களேனும் ஒதுக்கப்படுமாயின், அது மறைப்பணிக்கு அயலான பயிற்சியாகாது.