மினிடிவி நாடாவைப் படியெடுத்தல்

மினிடிவி நாடாவைப் படியெடுத்தல் என்பது எண்ணிம நிகழ்படக் கருவியில் (கேம்கோடர்) பதிவான காட்சிகளைக் கணினிக்கு மாற்றித் தொகுத்துப் பாதுகாக்கும் செயல்முறையாகும். இங்கு டிவி என்பது தொலைக்காட்சியைக் குறிப்பதன்று. எண்ணிம நிகழ்படம் எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம். இவ்வடிவம் 1995இல் அறிமுகமானது. 2000களில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் திருமணம், காதுகுத்து, கோயில் பொங்கல் முதலியன இந்நாடாக்களில் பெருமளவில் பதிவாயின.

நாடாவும் நிலமும்

நாடாவின் அகலம் 6.35 மி.மீ. அதிலுள்ள ஒரு பதிவுத்தடத்தின் அகலமோ 10 மைக்ரோமீட்டர் மட்டுமே. எனவே நுண்ணிய தூசியும் படத்தைச் சதுரம் சதுரமாகச் சிதைக்கும். விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்களைப் போன்ற வானம்பார்த்த பகுதிகளில் காற்று வறண்டிருப்பதால், கடலோர ஊர்களைப் போல நாடாவில் பூஞ்சை எளிதில் பற்றுவதில்லை. ஆனால் கோடைப் புழுதியும், தகரக் கூரையின் கீழோ மச்சிலோ தேங்கும் வெப்பமும் அதற்குப் பகையாகும். நாடாக்களைப் பெட்டியிலிட்டு, தரைத்தள அறையில் செங்குத்தாக அடுக்கி வைப்பது நன்று.

படியெடுக்கும் முறை

முதலில் பேழையின் விளிம்பிலுள்ள சிறு தாழை நகர்த்தி, மேற்பதிவு நிகழாதவாறு தடுக்க வேண்டும். பிறகு நாடாவை ஒருமுறை முழுதும் ஓட்டித் திரும்பச் சுற்றினால் அதன் இறுக்கம் சீராகும். கருவியையும் கணினியையும் பயர்வயர் வடத்தால் இணைத்து, வின்டிவி, டிவிகிராப் போன்ற மென்பொருளால் காட்சியைப் பிடிக்கலாம். ஒரு மணி நேர நாடாவுக்கு ஒரு மணி நேரம் ஆகும், விரைவுபடுத்த இயலாது. கோப்பின் அளவு ஏறத்தாழ 13 கிகாபைட்டு. இடையில் மின்சாரம் நின்றால் கோப்பு பழுதாகக்கூடும் என்பதால் மடிக்கணினி ஏற்றது.

பயர்வயர் வழியே வருவது நாடாவிலுள்ள எண்ணிமத் தரவின் நேர்ப்படி. தர இழப்பு இல்லை. பதிவான நாளும் நேரமும் உடன் வரும். எந்தப் பாட்டியின் எந்த ஆண்டுத் திருவிழா என்று குடும்பத்தாரே மறந்த நிலையில் இத்தகவல் பெரிதும் உதவும் (கருவியின் கடிகாரம் சரியாக இருந்திருந்தால்). தொலைக்காட்சிக்குரிய ஒப்புமை வடத்தால் எடுத்தால் இத்தகவல் கோப்பில் தங்காது. பல கருவிகளிலுள்ள யூஎஸ்பி இணைப்பு, நிழற்படங்களுக்கோ தரம் குறைந்த நிகழ்படத்துக்கோ மட்டும் உரியது. அமெரிக்காவில் வாங்கிய கருவியின் என்டிஎஸ்சி நாடா, இந்தியாவில் வழங்கும் பால் முறைக் கருவிகள் பலவற்றில் ஓடாது.

தொகுத்தல்

மூலக்கோப்பை மாற்றாது வைத்து, அதன் படியிலேயே வெட்டுதலும் ஒட்டுதலும் செய்தல் வேண்டும். திருமண நிகழ்படங்களில் மூல ஒலியை நீக்கித் திரைப்பாடல்களை இடுவது தமிழ்நாட்டில் பெருவழக்கு. அதனால் நாகசுரமும், மொய் எழுதுமிடத்துப் பேச்சும், வாழ்த்திய பெரியோரின் குரலும் அழிந்தன. குடும்பத்திடம் இருக்கும் குறுவட்டில் இல்லாத அக்குரல்கள் மூலநாடாவில் இன்னும் இருக்கக்கூடும். ஆகவே வட்டு இருக்கிறதென்று நாடாவை எறிந்துவிடலாகாது. பாடல் வேண்டுமெனில் அதைத் தனி ஒலித்தடத்தில் சேர்த்து, மூல ஒலியை அடியில் ஒலிக்க விடலாம்.

டிவி காட்சி இடைப்பின்னல் முறையிலானது. கணினித் திரையில் அசைவுகளின் ஓரம் சீப்புப் பற்களைப் போலத் தெரிந்தால், பின்னல் நீக்கும் வடிகட்டியைப் பயன்படுத்த வேண்டும்.

கருவிகளின் நிலை

நாடாவை ஓட்டும் கருவிகள் பழுதானால் உதிரிபாகம் கிடைப்பது அரிது. புதிய கணினிகளில் பயர்வயர் துளை இல்லை. 2025இல் வெளியான மேக் இயக்குதளத்தின் 26ஆம் பதிப்பு அதற்கான ஆதரவையும் நீக்கியது. பழைய கணினியொன்று ஓடும் நிலையில் இருந்தால் இவ்வேலைக்கு அதுவே போதுமானது.