பகா எண்களும் ராமானுஜனின் இரண்டு பக்கங்களும்

சென்ற டிசம்பர் 22, ராமானுஜன் பிறந்த நாளன்று, நஞ்சன்கூட்டில் நாங்கள் சில குடும்பத்தினர் கூடியிருந்தோம். நாமகிரித் தாயார் கனவில் சொன்னதை அவர் எழுதினார், நிரூபணம் அவருக்குத் தேவைப்படவேயில்லை என்று ஓர் அன்பர் பேசினார். ஒரு பள்ளி மாணவி எழுந்து, "அப்படின்னா அவர் தப்பே பண்ணினதில்லையா மாமா?" என்றாள். யாரும் பதில் சொல்லவில்லை. அந்தக் குழந்தைக்கான பதில் இது.

தப்பு செய்திருக்கிறார், அதுவும் பகா எண்களில். 1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் 2, 3, 5, 7, 11 போன்றவை பகா எண்கள். ஓர் எண்ணுக்குள் இவை எத்தனை என்று கணக்கிட ஒரு சூத்திரத்தை 1913-ல் ஹார்டிக்கு எழுதிய கடிதங்களில் ராமானுஜன் தெரிவித்தார். எவ்வளவு பெரிய எண்ணுக்குப் போனாலும் வித்தியாசம் அற்பமாகவே இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. ஒரு கோடிக்குள் உள்ள பகா எண்கள் 6,64,579. சூத்திரம் தருவது 6,64,667. 88 கூடுதல். வியக்கத்தக்க நெருக்கம்தான், ஆனால் அவர் சொன்னபடி இல்லை. 1859-ல் ஜெர்மனியின் ரீமன் இதே வழியில் சென்றிருந்தார். அவர் கணக்கிலிருந்த சில திருத்தங்கள் ராமானுஜனிடம் விடுபட்டிருந்தன.

அவரிடம் தெளிவை வற்புறுத்தியவர் ஹார்டி மட்டுமல்ல. அதற்கு முன்பே, பெங்களூர் சென்ட்ரல் காலேஜ் பேராசிரியரும் இந்தியக் கணிதச் சங்கப் பத்திரிகையின் ஆசிரியருமான எம்.டி. நாராயண ஐயங்கார், 1911-ல் வெளியான ராமானுஜனின் முதல் கட்டுரையை, வாசகருக்குப் புரியும்படி திருத்தித் தருமாறு திருப்பி அனுப்பியிருக்கிறார்.

அதே பத்திரிகையில் 1919-ல் ராமானுஜனின் இரண்டு பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. 1-ஐ விடப் பெரிய எந்த எண்ணுக்கும் அதன் இரு மடங்குக்கும் நடுவே ஒரு பகா எண்ணாவது இருக்கும் என்று பிரான்சின் பெர்ட்ராண்ட் 1845-ல் ஊகித்தார். ரஷ்யாவின் செபிஷேவ் அதை முதலில் நிரூபித்தார். ராமானுஜன் அதற்கு மிக எளிய நிரூபணம் தந்ததோடு மேலும் ஒரு படி சென்றார். 11 முதல் எந்த எண்ணை எடுத்தாலும், அதன் பாதிக்கும் அதற்கும் இடையே, அந்த எண்ணையும் சேர்த்து, குறைந்தது 2 பகா எண்கள் உண்டு. 17 முதல் 3. 29 முதல் 4. 41 முதல் 5. 2-ல் தொடங்கும் இந்த வரிசையை இன்று 'ராமானுஜன் பகா எண்கள்' என்றே அழைக்கிறார்கள். 1913-ல் இருந்தது நம்பிக்கை. இங்கே இருப்பது நிரூபணம்.

2024 அக்டோபரில் ஒரு மாபெரும் பகா எண் அறிவிக்கப்பட்டது. 13,62,79,841 இரண்டுகளைப் பெருக்கி 1-ஐக் கழித்தால் வருவது. 4,10,24,320 இலக்கங்கள் கொண்டது. அதைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர்கள் பல வேண்டியிருந்தன. ஆனால் அதன் இரு மடங்குக்குள் இன்னொரு பகா எண் நிச்சயம் உண்டு என்று சொல்ல எந்தக் கம்ப்யூட்டரும் வேண்டாம். அந்த இரண்டு பக்கங்கள் போதும்.

தாயாரிடம் அவருக்கிருந்த பக்தியை நம் குழந்தைகளுக்குச் சொல்வோம். தப்பை எடுத்துக் காட்டியபோது அவர் கற்றுக்கொண்டதையும் சேர்த்தே சொல்வோம். கணக்கில் தப்பு செய்துவிட்டு அழும் குழந்தைக்கு அது ஆறுதலாக இருக்கும்.