இயாகோ

இயாகோ, வில்லியம் ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' நாடகத்தின் சூழ்ச்சிப் பாத்திரம். வெனிஸ் படைத்தலைவன் ஒத்தெல்லோவிடம் கொடி அதிகாரியாக இருந்துகொண்டே அவனை அழிப்பவன். நாடகம் ஒத்தெல்லோவின் பெயரைத் தாங்கினாலும் அதில் அதிகம் பேசுபவன் இவனே.

தோற்றம்

இத்தாலியரான ஜிரால்டி சிந்தியோ 1565இல் வெளியிட்ட கதைத் தொகுப்பில் இவனுக்குப் பெயர் கிடையாது. வெறும் கொடி அதிகாரிதான். படைத்தலைவனின் மனைவிமேல் ஆசை வைத்து, அது கைகூடாததால் பழிவாங்குகிறான். தன் மூன்று வயது மகளை அவள் கொஞ்சும் வேளையில் அவளுடைய கைக்குட்டையைத் திருடிக்கொள்கிறான். ஷேக்ஸ்பியர் கைக்குட்டையை இயாகோவின் மனைவி எமிலியா எடுத்துக் கொடுப்பதாக மாற்றினார். பழிக்கான அந்தத் தெளிவான காரணத்தையும் கலைத்துவிட்டார். தான் எதிர்பார்த்த துணைத்தலைவர் பதவி காசியோ என்ற அதிகாரிக்குப் போனது, எமிலியாமேல் சந்தேகம் என்று இயாகோ பலவற்றைச் சொல்கிறான். எதிலும் நிலைத்து நிற்பதில்லை. நாடகத்தின் பதிவான முதல் நிகழ்ச்சி 1604 நவம்பர் 1 அன்று லண்டன் வைட்ஹால் அரண்மனையில் நடந்தது. 1622இல் அது அச்சேறியது.

சூழ்ச்சி முறை

மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சியே இப்பாத்திரத்தின் உச்சம். ஒத்தெல்லோவின் மனைவி டெஸ்டிமோனாவிடம் பேசிவிட்டு காசியோ விலகிப்போவதைக் கண்டு, இது தனக்குப் பிடிக்கவில்லை என்று இயாகோ முணுமுணுக்கிறான். என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான். பிறகு ஒத்தெல்லோவின் சொற்களையே கேள்விகளாகத் திருப்பிப் போடுகிறான். மனைவிக்கும் காசியோவுக்கும் தொடர்பு என்ற சந்தேகத்தை முழுமையாக்கும் வேலையை ஒத்தெல்லோவே செய்துகொள்கிறான். பொறாமை கூடாதென்று எச்சரிப்பவனும் இயாகோதான்! தனிமொழிகளில் திட்டத்தை முன்பே கேட்டுவிட்ட பார்வையாளர்கள், தடுக்க வழியின்றி உடந்தையாகிறார்கள். பிடிபட்டபின் காரணம் கேட்டால், இனிப் பேசுவதில்லை என்று வாய்மூடிவிடுகிறான்.

மேடையில்

அந்த மௌனத்துக்கு ஒவ்வொரு தலைமுறையும் விடை தேடியது. நோக்கமே இல்லாத தீமை, நோக்கத்தைத் தேடி அலைகிறது என்று கருதினார் கவிஞர் கோல்ரிட்ஜ். வில்லத்தனத்தை முகத்திலோ குரலிலோ காட்டாமல் மனத்துக்குள் மட்டும் இடைவிடாது நினைக்க வேண்டும் என்பது அமெரிக்க நடிகர் எட்வின் பூத்தின் அறிவுரை. அவரும் ஹென்றி இர்விங்கும் 1881இல் லண்டன் லைசியம் அரங்கில் இயாகோ, ஒத்தெல்லோ ஆகிய இருவேடங்களையும் மாற்றி மாற்றி ஏற்றனர். 1938இல் லாரன்ஸ் ஒலிவியே, ஃபிராய்டியச் சிந்தனையாளர் எர்னஸ்ட் ஜோன்ஸின் கருத்தை ஏற்று, ஒத்தெல்லோமீது இயாகோவுக்கு அடிமனக் காதல் இருப்பதாக நடித்தார். 1989இல் இயன் மெக்கெல்லன் ஒழுங்கு தவறாத பழுத்த ராணுவ வீரனாக வந்தார். 2015இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியின் முதல் கறுப்பின இயாகோவாக லூசியன் ம்சமாத்தி நடித்தபோது, கறுப்பினத்தவனான ஒத்தெல்லோமீதான நிறவெறி ஒன்றே காரணம் என்ற எளிய விளக்கம் உடைந்தது.

பிற வடிவங்கள்

வெர்டியின் 'ஒத்தெல்லோ' இசைநாடகம் (1887) இயாகோவைத் தீமையே தன் மதம் என்று பாட வைத்தது. மலையாளப் படமான 'களியாட்டம்' (1997) அவனைத் தெய்யக் கலைஞர்களிடையே பனியனாகவும், இந்திப் படமான 'ஓம்காரா' (2006) அரசியல் அடியாள் லங்கடா தியாகியாகவும் உலவவிட்டன. வடிவம் எதுவானாலும் பாத்திரத்தின் வெற்றிக்கு ஒரே நிபந்தனை உண்டு: மேடையில் இருப்பவர்கள் அவனை நம்புவது பார்வையாளருக்கு இயல்பாகத் தோன்ற வேண்டும். இல்லாவிட்டால் ஒத்தெல்லோ ஏமாளியாகிவிடுவான். துன்பியலும் அத்தோடு சரிந்துவிடும்.